எழுதுகிறவருக்கு யார் கூலி கொடுப்பார்?

நார்த்தாமலைப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற கல்வியாண்டில் ஒருநாள், ஏழாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளை. ஐந்து பேர் கொண்ட குழுக்களாக மாணவர்களை அமர்த்தி, குழுவுக்கு ஒரு படியாகச் சிறார் கதை ஒன்றைக் கொடுத்திருந்தேன். படித்து முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், எங்கப்பா கல்லு உடைச்சா லோடு கணக்குல காசு குடுப்பாங்க. இந்தக் கதை எழுதுனவங்களுக்கு யாரு காசு குடுப்பா?”

எங்கள் பகுதியில் கல் வேலை பலருக்கு வாழ்வாதாரம். கூலி என்பது அங்குள்ள பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். வகுப்பில் உடனே பதில்கள் பறந்தன. “கவர்மென்டு குடுக்கும்” என்றான் ஒருவன். “கதைக்கு நூறு ரூபா இருக்கும்” என்றாள் இன்னொருத்தி. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது. “செத்துப்போனவங்களுக்கு எதுக்குடா காசு?”

எழுத்தாளர் என்றாலே இறந்துபோனவர் என்று அவன் நினைத்திருக்கிறான். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. நூலாசிரியர் குறிப்பில் பிறப்பு, இறப்பு, இயற்றிய நூல்கள் ஆகியவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யச் சொல்வது நாம்தானே? அந்த மனிதர் காலையில் எந்த வேலைக்குப் போனார், எப்போது எழுதினார், எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று நாம் சொல்வதில்லை.

அன்று எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மாணவர்கள் கையில் இருந்தவை புத்தகங்கள் அல்ல, ஜெராக்ஸ் படிகள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த பிடிஎஃப் கோப்பைக் கடையில் கொடுத்து அச்செடுத்து, பின் அடித்துக் கொண்டு வந்திருந்தேன். எழுதியவர் நம்மோடு வாழும் எழுத்தாளர். ஜெராக்ஸ் கடைக்குப் பணம் கொடுத்தேன். எழுதியவருக்கு ஒரு ரூபாயும் போகவில்லை.

“அடுத்த வாரம் சொல்றேன்” என்று மாணவியை உட்காரச் சொன்னேன். அந்த அடுத்த வாரம் வர இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குள் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வங்கி ஊழியர் எழுதிய பாட்டு

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நார்த்தாமலையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து வேறு பேருந்து மாறினால் இராயவரம். திருமயம் வட்டத்தில் உள்ள அந்த ஊரில்தான் 1922ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று அழ. வள்ளியப்பா பிறந்தார். தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி வழியாக வந்த எவரும் அவர் பாட்டு ஒன்றையாவது பாடாமல் வந்திருக்க முடியாது. ‘குழந்தைக் கவிஞர்’ என்பது அவருக்கு ஊர் கொடுத்த பெயர்.

அவர் பார்த்த வேலை வேறு. 1940இல் சென்னைக்குச் சென்று, வை. கோவிந்தன் நடத்திய சக்தி காரியாலயத்தில் பணிக்குச் சேர்ந்தார். கோவிந்தனும் இராயவரத்துக்காரர்தான். குறைந்த விலையில் நல்ல நூல்களை மக்களிடம் கொண்டுசென்ற பதிப்பாளர் அவர். வள்ளியப்பாவுக்கு அங்கே கிடைத்தது பணம் வாங்கிக் கணக்கெழுதும் வேலை. ‘சக்தி’ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த எழுத்தாளர் தி.ஜ.ர. அந்த இளைஞரை எழுதும்படி தூண்டினார். ‘ஆளுக்குப் பாதி’ என்ற கதை அப்படிப் பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1941இல், இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. 1982இல் ஓய்வு பெறும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவருடைய மாதச் சம்பளம் வங்கியிலிருந்துதான் வந்தது. பாட்டுகளும் கதைகளும் அந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில் உருவானவை. அதே மிஞ்சிய நேரத்தில்தான் ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’, ‘பூஞ்சோலை’ போன்ற சிறுவர் இதழ்களின் ஆசிரியர் பொறுப்பையும் அவர் பார்த்தார்.

மாணவர்களிடம் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஒரு கணக்கு உண்டு. அவருடைய முதல் பாடல் தொகுதியான ‘மலரும் உள்ளம்’ 1944இல் வந்தபோது அதில் 23 பாடல்கள் இருந்தன. 1954இல் வந்த தொகுதியில் 135 பாடல்கள். பத்து ஆண்டுகளில் கூடியவை 112. ஆண்டுக்குப் பதினொன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. எழுதிக் கிழித்துப் போட்டவை இந்தக் கணக்கில் வராது.

“இத்துனூண்டு பாட்டுக்கு ஒரு மாசமா டீச்சர்?” என்று பிள்ளைகள் வியந்தார்கள். சிறிய பாட்டு என்றால் சுலபமான பாட்டு என்று நாமும் நினைத்துவிடுகிறோம். பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும், நாக்கு இடறக் கூடாது, தாளம் விழ வேண்டும், படிக்கும்போதே கண்முன் ஒரு காட்சி வர வேண்டும். எட்டு வரிக்குள் இத்தனையும் அமைய வேண்டும். பெரியவர்களுக்கு எழுதும்போது ஒரு வரி தொய்ந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். நான்கு வயதுக் குழந்தை எழுந்து போய்விடும்.

வள்ளியப்பா இன்னொரு வேலையும் செய்தார். குழந்தைகளுக்கு எழுதுவோரை ஒன்றுசேர்த்து 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். தனித்தனியாக, மாலை வேளைகளில், விளக்கடியில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கூடிப் பேச ஓர் இடமாயிற்று. ஓய்வுக்குப் பின் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1989 மார்ச் 16 அன்று மறைந்தார்.

முழுநேரமும் பிள்ளைகளுக்காக

அதே திருமயம் வட்டத்தில் அரிமளம் என்ற ஊர் இருக்கிறது. 1925இல் அங்கே பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘வாண்டுமாமா’ என்றால் நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் முகம் மலரும். பெரியவர்களுக்கு எழுதும்போது ‘கௌசிகன்’ என்றும், சிறுவர்களுக்கு எழுதும்போது ‘வாண்டுமாமா’ என்றும் பெயர் வைத்துக்கொண்டவர்.

வள்ளியப்பாவின் வழி வேறு, இவர் வழி வேறு. வாண்டுமாமா பத்திரிகை வேலையையே தொழிலாகக் கொண்டார். திருச்சியிலும் சென்னையிலும் பல இதழ்களில் பணியாற்றி, கல்கி நிறுவனத்தில் நீண்ட காலம் இருந்தார். அந்த நிறுவனம் 1972இல் ‘கோகுலம்’ தொடங்கியபோது அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். 1984இல் ‘பூந்தளிர்’ இதழுக்கு ஆசிரியரானார். ‘பலே பாலு’ போன்ற படக்கதைகள், ‘ஓநாய்க்கோட்டை’ போன்ற சாகசக் கதைகள், அறிவியல் செய்திகள், பொது அறிவு நூல்கள் என்று அவர் கைபடாத வகை குறைவு. 2014இல், எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார்.

சிறுவர் இதழை நடத்துகிறவரின் மாதம் எப்படி இருக்கும் என்று மாணவர்களை யோசிக்கச் சொன்னேன். தொடர்கதையின் அடுத்த பகுதியைக் குறித்த நாளில் முடிக்க வேண்டும். படக்கதைக்குக் கட்டம் கட்டமாக வசனம் எழுதி ஓவியரிடம் கொடுக்க வேண்டும். விடுகதை, புதிர், கேள்வி பதில், வாசகர் கடிதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வந்த கதைகளைப் படித்துத் திருத்த வேண்டும். மெய்ப்புப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காலியாகிவிட்டால் அன்று இரவே அதற்கு ஏதாவது எழுத வேண்டும். இதழ் வெளிவந்த மறுநாள் அடுத்த இதழின் வேலை தொடங்கிவிடும்.

இந்த இருவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வங்கி ஊழியருக்குச் சம்பளம் உறுதி, நேரம் குறைவு. பத்திரிகைக்காரருக்கு நாள் முழுவதும் பிள்ளைகளுக்காகவே எழுதலாம், ஆனால் இதழ் நின்றால் பிழைப்பும் ஆட்டம் காணும். தமிழில் குழந்தைகளுக்காக எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றில்தான் நடந்திருக்கிறார்கள்.

ஏன் இந்த மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் என்ற கேள்வி எழலாம். 1940களிலும் 50களிலும் புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பகுதிகளில் சிறுவர் இதழ்கள் பல முளைத்தன. அச்சகம் இருந்தது, பணம் போட மனமுள்ளவர்கள் இருந்தார்கள், ஊரில் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். முன்னே ஒருவர் நடந்த தடம் தெரிந்தால் பின்னே வரும் பிள்ளைக்குத் துணிச்சல் வருகிறது. இது நம் வகுப்பறைக்கும் பொருந்தும்.

அறுபது ரூபாய்ப் புத்தகத்தின் கணக்கு

இனி, மாணவி கேட்ட கேள்விக்கு நேரான பதில். புத்தகம் எழுதியவருக்குக் கிடைக்கும் தொகையை ‘உரிமைத்தொகை’ என்கிறோம். பதிப்பகத் துறையில் ‘ராயல்டி’ என்றே வழங்குகிறார்கள். தமிழ்ப் பதிப்புலகில் இது பொதுவாக விற்பனை விலையில் பத்து சதவீதம் என்ற அளவில் பேசப்படுகிறது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். படங்கள் நிறைந்த நூலானால் ஓவியருக்கும் பங்கோ தனித் தொகையோ போக வேண்டும்.

ஏழாம் வகுப்பில் சதவீதம் பாடம் வருகிறது. எங்கள் கணித ஆசிரியரிடம் சொல்லி இதையே ஒரு பயிற்சிக் கணக்காக்கினோம்.

ஒரு சிறார் நூலின் விலை 60 ரூபாய். ஆசிரியருக்குப் பத்து சதவீதம் என்றால் ஒரு படிக்கு 6 ரூபாய். 500 படிகள் அச்சிட்டு எல்லாம் விற்றுவிட்டால் 3,000 ரூபாய். அந்தக் கதையை எழுதித் திருத்தி முடிக்க ஆறு மாதங்கள் ஆனதாக வைத்துக்கொண்டால், அதாவது 180 நாட்கள், ஒரு நாளுக்கு 16 ரூபாய் 66 காசு.

வகுப்பு அமைதியாகிவிட்டது. கல் வேலைக்குப் போகும் அப்பாவின் ஒரு நாள் கூலி அந்த மாணவிக்குத் தெரியும். இரண்டையும் அவளே ஒப்பிட்டுக்கொண்டாள். “அப்பறம் ஏன் டீச்சர் எழுதுறாங்க?” என்று கேட்டாள்.

மாணவர்களுக்குத் தவறான எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக மேலும் சிலவற்றைச் சொன்னேன். நன்றாக விற்கும் நூல் பல பதிப்புகள் காணும். ஆண்டுகள் கழித்தும் தொகை வரும். பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது ஒரே சமயத்தில் பல படிகள் போகும். இதழ்களில் எழுதினால் அதற்குத் தனியே சன்மானம் உண்டு. விருதுகளும் இருக்கின்றன. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. பரிசுத்தொகை 50,000 ரூபாய். ஆனால் ஒரு மொழிக்கு ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை வந்தால் பெரிது. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

பதிப்பாளர் பக்கமும் நியாயம் உண்டு. தாள், அச்சு, கட்டமைப்பு, கடைக்காரருக்குக் கழிவு, விற்காமல் கிடக்கும் படிகள் எல்லாம் அவர் தலையில். குழந்தைகள் நூலுக்கு வண்ணப்படம் வேண்டும், தாள் தடிமனாக வேண்டும், விலை மட்டும் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே சிறார் நூல் பதிப்பது பெருத்த லாபம் தரும் தொழிலாக எல்லோருக்கும் அமைந்துவிடுவதில்லை.

கதை புத்தகமாகும் வழி

எழுத்தாளர் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுவார், மறுநாள் அது புத்தகமாகிவிடும் என்று மாணவர்கள் நினைத்திருந்தார்கள். நடுவே உள்ள படிகளை ஒரு விளக்கப்படமாக வரைந்து வகுப்பில் ஒட்டினோம்.

முதலில் எந்த வயதுக்கு என்று தீர்மானிக்க வேண்டும். நம் வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ‘நுழை’ நிலைப் பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் ஓரிரு வரிகள் போதும். ‘பற’ நிலைக்கு வந்த பிள்ளை கதைமாந்தரின் மனப் போராட்டத்தையும் பின்தொடரும். ஒரே கதையை இரண்டு நிலைக்கும் எழுத முடியாது.

அடுத்து முதல் வரைவு. அதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். சிறார் எழுத்து காதுக்கும் உரியது. எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடைக்க வேண்டும். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அவர்கள் கண் சன்னல் பக்கம் போகிறதோ அங்கே கதை நொண்டுகிறது என்று பொருள். நம் பாடக் குறிப்புக்கும் இது பொருந்தும் என்று இங்கே எனக்கே உறைத்தது.

பின் செம்மையாக்கம். பதிப்பாசிரியர் கேள்வி கேட்பார், எழுத்தாளர் திருத்துவார். ஓவியரிடம் போகும். படம் சொல்லிவிட்டதை எழுத்து மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை என்பதால், படம் வந்த பிறகு சில வரிகளை வெட்ட நேரும். அச்சில் பெரிய தாளை மடித்து வெட்டுவதால் பக்கங்கள் 8, 16, 24, 32 என்ற எண்ணிக்கையில் அமைய வேண்டும். கதை பதினேழு பக்கம் வந்தால் ஒரு பக்கத்தைக் குறைக்க வேண்டும். பிறகு மெய்ப்பு, அச்சு, கட்டமைப்பு, கடை.

இதைச் சொன்ன பிறகு, தாங்கள் எழுதிய கட்டுரையைத் திருத்தி எழுதச் சொன்னால் மாணவர்கள் முன்போல முகம் சுளிப்பதில்லை. திருத்துவது தண்டனை என்று நினைத்திருந்தவர்கள், அது எழுதுகிறவர் வேலையின் பாதி என்று புரிந்துகொண்டார்கள்.

இன்று எழுதுகிறவர்கள்

கடைசி வரிசை மாணவனுக்கும் பதில் சொல்ல வேண்டுமே! வாழும் எழுத்தாளர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவருக்கும் கீழே அவர்கள் செய்த வேலையை எழுதினேன்.

உதயசங்கர், கோவில்பட்டிக்காரர், இரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். ‘ஆதனின் பொம்மை’ நாவலுக்காக 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். ‘ஆயிஷா’ இரா. நடராசன், நம்மைப் போலப் பள்ளியில் பணியாற்றியவர், தலைமையாசிரியர். ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலுக்காக 2014இல் அதே விருதைப் பெற்றவர். விழியன் கணினித் துறைக்காரர். யெஸ். பாலபாரதி பத்திரிகையாளர். மு. முருகேஷும் பத்திரிகையாளர், அதிலும் நம் புதுக்கோட்டையைச் சேர்ந்தவர். 2021இல் விருது பெற்றார். வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பன் 2019இல் பெற்றார். அப்பாவின் பாட்டை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் தாமும் பிள்ளைகளுக்கு எழுத வந்திருக்கிறார்.

பட்டியலைப் பார்த்த மாணவர்கள் வேகமாகக் கண்டுபிடித்தார்கள்: “எல்லாருக்கும் வேற வேலை இருக்கு டீச்சர்!”

உலகெங்கும் இது புதிதல்ல. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்று தமிழில் வந்த கதையை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணித விரிவுரையாளர். வங்க மொழியில் பிள்ளைகளைச் சிரிக்கவைத்த சுகுமார் ராய் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவர். தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழை அவருக்குப் பின் நடத்தினார். தமிழில் கவிமணி தேசிக விநாயகம் 36 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். பெரியசாமித் தூரன் ஆசிரியராகப் பணியாற்றியவர், பின்னர் தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும், குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

ஆசிரியர்கள் இந்தப் பட்டியலில் அடிக்கடி வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளின் பேச்சு, பயம், சண்டை, சிரிப்பு ஆகியவற்றை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. பிற துறை எழுத்தாளர்கள் தேடிப்போகும் ஒன்று நமக்கு மணியடித்தால் முன்னே வந்து உட்காருகிறது.

பதின்ம வயதுக்கு என்ன இருக்கிறது?

உயர்நிலை வகுப்பு எடுப்பவர்கள் ஓர் இடைவெளியை உணர்ந்திருப்பீர்கள். முயலும் சிங்கமும் பேசும் கதையை எட்டாம் வகுப்பு மாணவன் தொட மாட்டான். பெரியவர்களின் நாவல் அவனுக்கு இன்னும் எட்டாது. பன்னிரண்டு முதல் பதினாறு வயதுவரை உள்ளவர்களுக்கான இளையோர் நூல்கள் தமிழில் வர வேண்டிய அளவு வரவில்லை. ஒரு காலத்தில் வாண்டுமாமாவின் சாகசக் கதைகள் இந்த வயதினரைப் பிடித்து வைத்திருந்தன.

இந்த வயதினருக்கு எழுதுவது கடினமான வேலை. புத்திமதி சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அவர்களுடைய உண்மையான கவலைகளைத் தொடாமல் எழுதினாலும் மூடிவிடுவார்கள். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளுக்கே புரியும்படி பேசுகிறது. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. நாம் வகுப்பில் எப்படித் தொடங்குவது என்று தயங்கும் ஒன்றை ஒரு கதை தொடங்கிவைக்கிறது. இப்படிப்பட்ட நூல்கள் தொடர்ந்து வர வேண்டுமானால், வந்த நூல்கள் விற்க வேண்டும். விற்பனைதான் அடுத்த நூலை எழுத நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

நம்மால் என்ன செய்ய முடியும்?

நான் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

கதை வாசிக்கும் முன் அட்டையை வாசிக்கச் செய்யுங்கள். எழுதியவர், ஓவியர், பதிப்பகம், முதல் பதிப்பு ஆண்டு, விலை. இரண்டே நிமிடம் ஆகும். ஓவியரின் பெயரை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் புத்தகத்தை முதலில் எடுப்பது அவரால்தான்.

நூலாசிரியர் குறிப்பு நடத்தும்போது ஒரு கேள்வியைச் சேருங்கள்: “இவர் என்ன வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்?” தேடிக்கொண்டு வரும் பொறுப்பை மாணவரிடமே கொடுங்கள். பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் பிறகு தாமாக நினைவில் நிற்கும்.

பிடிஎஃப் பற்றிக் கண்டிப்பாக இருப்போம். பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி எழுத்தாளர் வாழும் காலமும், மறைந்த பின் அறுபது ஆண்டுகளும் படைப்புக்கு உரிமை உண்டு. வகுப்பில் கற்பிக்கும் தேவைக்காகப் படியெடுத்துப் பயன்படுத்தச் சட்டம் சில விலக்குகளைத் தந்திருக்கிறது. விற்பனையில் இருக்கும் ஒரு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படம்பிடித்துக் குழு குழுவாக அனுப்புவது கற்பித்தல் ஆகாது. மாவட்டத்தில் நூறு பேர் வாங்கியிருக்க வேண்டிய நூலை ஒரு தொடுதலில் நிறுத்திவிடுகிறோம். நல்ல எண்ணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். ஆசிரியர்களோ பதிப்பகங்களோ தாங்களே இலவசமாகத் திறந்துவிட்ட நூல்கள் பல இருக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பகிரலாம்.

ஆண்டு விழாப் பரிசை மாற்றிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் சில்வர் தட்டும் டம்ளரும் கொடுப்பது வழக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, அதே தொகைக்குச் சிறார் நூல்கள் வாங்கினோம். “தட்டுன்னா வீட்டுக்கு ஆகும்” என்று ஒரு தாய் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே ஒரு சிறு தட்டும் ஒரு புத்தகமும் என்று முடிவானது. பரிசு வாங்கிய பிள்ளைகள் தங்களுக்குள் புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்ததால், ஒவ்வொரு நூலும் பல கைகள் கண்டது.

எழுத்தாளருக்குக் கடிதம் எழுதச் செய்யுங்கள். கடிதம் எழுதுதல் நம் பாடத்திட்டத்தில் இருப்பதுதான். ‘உன் நண்பனுக்கு ஒரு கடிதம்’ என்று கற்பனை முகவரிக்கு எழுதுவதற்குப் பதில், பதிப்பக முகவரி வழியாக உண்மையான ஒருவருக்கு எழுதட்டும். மாலை வேளையில் தனியே எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, யாரோ ஒரு பிள்ளை படித்திருக்கிறது என்று தெரிவது சிறிய செய்தி அல்ல.

எழுத்தாளரைப் பள்ளிக்கு அழைத்தால் பயணச் செலவையாவது கொடுப்போம். பொன்னாடை மட்டும் போதும் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் விடுப்பு எடுத்து வருகிறார் என்பதை நினைவில் வைப்போம்.

கடைசியாக, நீங்களும் எழுதுங்கள். நம் துறை மாணவர்களுக்காக வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் இருக்கின்றன. சிறுநூல்களும் வருகின்றன. மாதத்துக்கு ஒரு பாட்டுக்கும் குறைவாகச் சேர்த்துத்தான் ஒரு வங்கி ஊழியர் தமிழ்க் குழந்தைகளின் நாவில் நிலைத்தார் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த மாணவியின் கடிதம்

இரண்டு மாதங்கள் கழித்து, மாணவி கேட்ட கேள்விக்கு வகுப்பில் பதில் சொன்னேன். எழுதுகிறவருக்குக் கூலி கொடுப்பவர் புத்தகத்தை வாங்குகிறவர். அந்தக் கூலி போதாததால் அவர் வேறு வேலையும் பார்க்கிறார். போதாது என்று தெரிந்தும் எழுதுகிறார். “ஏன் எழுதுறாங்க?” என்ற அவளுடைய இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதை எழுதியவரிடமே கேட்கச் சொன்னேன்.

அதற்குள், முதல்நாள் ஜெராக்ஸில் படித்த அந்த நூலின் ஐந்து படிகளை விலைக்கு வாங்கி வகுப்பு நூலகத்தில் வைத்திருந்தேன். குழுவுக்கு ஒன்று.

அவள் எழுதிய கடிதத்தில் எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தட்டுமா என்று கேட்டேன். “நானே திருத்துறேன் டீச்சர்” என்று வாங்கிக்கொண்டு போய், மூன்றாம் முறை எழுதிக் கொண்டுவந்தாள். கதையில் தனக்குப் பிடித்த இடத்தைச் சொல்லியிருந்தாள். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தாள். கடைசி வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கூச்சமும் ஒன்றாக வந்தன. அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன்.

“முதல்ல நாங்க உங்க கதையை ஜெராக்ஸ்ல படிச்சோம். இப்ப எங்க டீச்சர் காசு குடுத்து வாங்கிட்டாங்க.”